ரவைப் பதமும் ஒரு ஸ்டெபிலைசரும்

கயல்,

காலையில் பேருந்து நகரும்போது நான் கேட்டது, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்பதுதான். நீ தலையாட்டினாய். இதைக் கேட்கவா பேருந்து நிலையம் வரை வந்தேன் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்க வேண்டியவை வேறு இருந்தன. அங்கே, சுரங்கத்தில், உன் மோட்டார் எந்த வேகத்தில் சுற்றும்? நம் வீட்டில் ஒரு வாளிக் கல்லுக்கு நடந்தது, அங்கே ஒரு தொட்டி நிறையக் கல்லுக்கும் நடக்குமா? நடக்காமல் போய், உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்? பதில் உனக்கும் தெரியாது. தெரியாததால்தான் கேட்க ஆசை. கடையை இன்று திறக்கவில்லை. உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இழுப்பறையைத் திறந்தால் இன்னும் பைன் எண்ணெய் வாசனை. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் யாரும் படிக்கலாம். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

என்னைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படித்தது தத்துவம், முதுகலை வரை. பிழைப்பது நெல்லித்தோப்பில், ஸ்டெபிலைசர் விற்றும் பழுதுபார்த்தும். மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும், உள்ளே இருக்கும் பொருளுக்கு ஒரே சீராகக் கொடுக்கும் பெட்டி அது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் போட, தெருவே மங்கும். அந்த மங்கல்தான் எனக்குச் சோறு போட்டது. உன்னைப் படிக்க வைத்ததும் அதுதான். சீராக இருப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நான் படித்த தத்துவத்தில்கூட, அசையாமல் நிற்பதைத் தேடியவர்களைத்தான் எனக்குப் பிடித்தது. அந்தப் பெட்டியை விற்க வந்த பிறகு அப்படி ஆனேனா, அப்படி இருந்ததால் அதை விற்க வந்தேனா, தெரியவில்லை.

கனகசெட்டிக்குளம் கடற்கரை ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பெண். கடையில் உடைத்த ஒரு ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு நடந்தாய். கறுப்பு மணல் முள்முள்ளாக அதில் நின்றது. வெள்ளை மணல் ஒன்றுகூட ஒட்டவில்லை. "எப்படிப்பா அதுக்குத் தெரியுது?" என்று கேட்டாய். காந்தத்துக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாயா, மணலுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாயா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. கை அழுக்காகும், போடு என்று மட்டும் சொன்னேன். பிறகு பள்ளி முடித்தாய். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தும் உலோகவியல் எடுத்தாய். ஊரே சாஃப்ட்வேர் என்று ஓடிய காலம். நான் இரண்டு நாள் பேசவில்லை. அம்மாதான், "அவ கல்லப் பொறுக்கறதுன்னா பொறுக்கட்டும், நமக்கு இன்னா" என்று முடித்துவைத்தாள்.

தொழிற்பேட்டையில் அந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்தில் நீ சேர்ந்தபோது, உன் வேலை என்ன என்று கேட்டேன். சுரங்கங்கள் அனுப்பும் கல்லில் தங்கம் எவ்வளவு, அதை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்பது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். கல்லை அரைத்துத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு மருந்து சேர்த்தால், தங்கம் கலந்த துகளின்மேல் மட்டும் அது படியும். பிறகு அந்தத் துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. சேப்ப இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல. கீழேயிருந்து காற்றை விட்டால், தண்ணீர் பிடிக்காத துகள் போய்க் குமிழியில் ஒட்டிக்கொள்ளும். பைன் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் மேலே நுரை நிற்கும். நுரையை வழித்தெடுத்தால் தங்கம் அதில் இருக்கும். வெறுங்கல் அடியில் தங்கிவிடும்.

"தங்கம் கனமாச்சேம்மா. அது எப்படி மிதக்கும்?"

"தங்கம் மிதக்கலப்பா. குமிழிதான் மிதக்குது. இது புடிச்சிக்கினு வருது."

அதில் உனக்கு வேறொரு கேள்வி இருந்தது. கல்லை ஏன் மாவு மாதிரி அரைக்கிறார்கள்? சுரங்கத்தில் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு அரைப்பதற்கே போகிறது. ரவைப் பதத்தில் நிறுத்தினால் என்ன? ரவையின் ஒரு முகத்தில் தங்கம் தெரிந்தாலே மருந்து படியுமே. தட்டிலிருந்த உப்புமாவை விரலால் நசுக்கிக் காட்டினாய். "பெருசா இருந்தா குமிழி தூக்கிட்டு வரும்போதே கீழ விழுந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. கனத்தால விழுதா, வேற எதாலயாவது விழுதா? அத யாரும் எனக்குச் சரியாச் சொல்லலப்பா." உப்புமா ஆறிப்போனது. அம்மா திட்டினாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. எதனால் விழுகிறது. நல்ல கேள்வி.

உன் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. கூடத்தின் இயந்திரம் பகல் முழுக்க வாடிக்கை வேலையில் ஓடும், அதன் வேகத்தையும் மாற்ற முடியாது. "அந்த ரவைய வச்சிக்கினு எங்க நேரத்த வீணாக்காத. வேணும்னா வீட்டுக்கு எடுத்துக்கினு போ" என்று அவர் விளையாட்டாகச் சொல்ல, நீ ஒரு வாளி நிறைய எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் நம் வீட்டுக்கே வந்துவிட்டாய். பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் கடை விரித்தாய். போர்டு எழுதுபவரிடம் ஒட்டி வாங்கிய அக்ரிலிக் தொட்டி. கலக்குவதற்கு நம் பழைய டேபிள் ஃபேனின் மோட்டார். காற்றுக்கு, அடுத்த தெரு மாமாவின் மீன் தொட்டிப் பம்பு. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள்.

"மோன் தியே, என் மீனுங்க மூச்சையே புடுங்கிக்கினு போறியே பாப்பா" என்று கடவுளைப் பிரெஞ்சில் கூப்பிட்டார், பம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே.

"உங்க மீனுக்கு வேற ஒண்ணு இருக்குதே மாமா."

"அது ஸ்பேரு. சொல்தா வீட்டுல எல்லாத்துக்கும் ஸ்பேரு இருக்கும். மாப்பிள்ளையத் தவிர." அம்மா அவரை முறைத்தாள். உனக்குப் பிரான்சில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார் அவர். நீ பம்பை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டாய்.

முதல் சோதனை அன்று மாலையே. வேலை முடிந்து நீ வர ஏழு மணி ஆகிவிட்டது. தெரு மங்கியிருந்தது. பல்பு சிவந்து நின்றது. ஃபேன் மோட்டார் தூங்கி வழிந்தபடி சுற்றியது. மருந்தின் நாற்றம் தாங்காமல் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீ எரிச்சலில் இருந்தாய். "இந்தக் கரண்டுல ஒரு மோட்டாரு ஒழுங்கா சுத்துதாப்பா" என்றாய். நுரையை வழித்து, காயவைத்து, பொட்டலம் கட்டினாய். மறுநாள் கூடத்தில் சோதிக்கக் கொடுத்தாய். முடிவு வர ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் காத்திருக்க என்னால் முடியவில்லை. முடிவுக்காக அல்ல. என் மகள், என் வீட்டில், குறை மின்சாரத்தில் வேலை செய்வதா? நானோ ஸ்டெபிலைசர்காரன். மறுநாளே கடையிலிருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து வந்து பின்கட்டில் மாட்டினேன். டக் டக் என்று இரண்டு சத்தம். பல்பு பளிச்சென்றது. மோட்டார் சீறியது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு மாட்டியிருப்பேன். அதன்பின் அந்த வாரம் முழுக்கச் செய்த சோதனைகளெல்லாம் பளிச்சென்ற வெளிச்சத்தில் நடந்தவை.

முதல் முடிவு வந்தது. ரவைப் பதத்துக் கல்லிலிருந்து தங்கத்தில் பெரும்பகுதி நுரையில் வந்துவிட்டது. நீ தாளை வைத்துக்கொண்டு நின்றாய், உட்காரவில்லை. மேலாளர் சுரங்கத்துக்குச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை அங்கிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிறகு மற்ற முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் ஒன்றுமில்லை. தங்கம் தொட்டியின் அடியிலேயே கிடந்தது. அதே கல், அதே மருந்து, அதே தொட்டி.

சந்தேகம் முதல் சோதனைமேல் திரும்பியது. அன்று தொட்டியைக் கழுவிக் கொடுத்தது அம்மா. நீ மெதுவாக ஆரம்பித்தாய். "ம்மா, அன்னிக்குக் கழுவும்போது வளையல் போட்டிருந்தியா?"

"எப்பவும் போட்டுக்கினுதான இருக்கேன். ஏன்?"

"அதுல இருந்து தங்கம் தேய்ஞ்சு விழுந்திருக்குமோன்னு."

அம்மா கையை நீட்டி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எங்கிட்ட மிச்சம் எவ்ளோ கீதுன்னு அதையும் சோதன பண்ணிச் சொல்லு. உங்க அப்பா வாங்கிக் குடுத்தது. சந்தேகமா கீது."

நாம் சிரித்தோம். ஆனால் நீ வளையலைக் கழற்றி வாங்கி, லென்ஸ் வைத்து உண்மையாகவே பார்த்தாய். அது எனக்குப் பிடித்தது. அம்மாவின் வளையல்தானே என்று விடவில்லை.

வியாழக்கிழமை மேலாளர் நேராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை நடக்கவில்லையென்றால் ரவை வேலைக்கு அன்றோடு மூட்டைகட்ட வேண்டும். நீ பழையபடி வரும் பொட்டலங்களைச் சோதித்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். வாளியில் நல்ல கல் இரண்டு சோதனைக்குத்தான் இருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது, சுரங்கத்துக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாய். முதல் முடிவு ஏதோ கலப்பால் வந்தது என்று எழுதிக்கொடுத்துவிடுவதாக. எனக்கு, வெளியே சொல்லக்கூடாத ஒரு நிம்மதி வந்தது. மகள் வீட்டோடு இருப்பாள். அதுவும் சீரான வேலைதானே. அந்த நிம்மதியையும் கொஞ்ச நேரம் ஆராய்ந்து பார்த்தேன். என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை மாமா வந்தார். அவர் வீட்டு ஸ்டெபிலைசர் புகைந்துவிட்டது. "மாப்ள, இன்னிக்குப் பிரான்ஸ் ஆடுது. டிவி படம் சுருங்கிச் சுருங்கிப் போவுது. பந்து எங்க கீதுன்னே தெரியல. ஒண்ணு குடு." கடை பூட்டியாயிற்று. பின்கட்டில் இருந்ததைக் கழற்றி அவரே தூக்கிக்கொண்டு போனார். நீ பார்த்துக்கொண்டிருந்தாய், தடுக்கவில்லை. எப்படியும் முடிந்துபோன விஷயம். கையிலிருந்த இரண்டில் ஒன்றைச் செய்துபார்த்துவிட்டுத் தொட்டியைக் கழற்றிவிடலாம் என்று சும்மா போட்டாய்.

பல்பு சிவந்தது. மோட்டார் சோம்பியது. நான் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்றாய். குரலை உயர்த்தவில்லை. "இங்க வந்து பாருங்க."

லென்ஸைக் கொடுத்தாய். தொட்டியின் கண்ணாடிபோன்ற சுவரில் ஒரு குமிழி ஏறிக்கொண்டிருந்தது. அதன் அடிவயிற்றில், மினுமினுத்துக்கொண்டு, ஒரு கறுத்த ரவை. இன்னொன்று. இரண்டு குமிழிகள் சேர்ந்து ஒரு பெரிய ரவையைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடி, மேலே போய் நுரையில் புகுந்தன. நாம் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மாமா வீட்டுப் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. பிரான்ஸ் கோல் போட்டிருக்க வேண்டும்.

"கனத்தால விழலப்பா" என்றாய். "நாமதான் உலுக்கி விட்டிருக்கோம்."

குமிழியால் அந்தக் கனத்தைத் தூக்க முடிகிறது. வேகமாகக் கலக்கும்போது தண்ணீர் சுழன்று ரவையைக் குமிழியிலிருந்து பிய்த்து எறிகிறது, அவ்வளவுதான். மாவாக இருந்தால் இந்த உலுக்கலைத் தாங்கிக்கொள்ளும், ரவை தாங்காது. முதல் நாள் குறை மின்சாரம் உலுக்கலைக் குறைத்திருந்தது. மறுநாள் நான் அதைச் சரிசெய்துவிட்டேன்.

நான் மோட்டாரோடு வாழ்கிறவன். மின்சாரம் குறைந்தால் ஃபேன் வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்ததை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மங்கல் என்றால் குறை, குறை என்றால் நிவர்த்தி. வேறு வழியில் மனம் போகவே இல்லை. வருத்தமாக இல்லை, கயல். ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் ஒவ்வொரு மாலையும் அந்த மங்கலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அது எதற்காவது உதவும் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

பகலில், கூடத்தில், மின்சாரம் முழுசாக இருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மங்கலை எங்கே போய் வாங்குவது? "ஃபேன் ரெகுலேட்டரு" என்று நாம் இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். கடையைத் திறந்து, பழைய திருகு ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து வந்தேன். கடையில் இருப்பதிலேயே மலிவான பொருள். திருகி எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்க்கக் கல் இல்லை, கடைசிப் பங்கைத் தொடக்கூடாது. அப்போதுதான் உனக்குக் கழிவு வாளி நினைவுக்கு வந்தது. தோற்ற சோதனைகளின் மண் எல்லாம் அதில் இருந்தது. அம்மா அதைக் குரோட்டன்ஸ் தொட்டிக்குக் கேட்டபோது மருந்து இருக்கிறது என்று தரமாட்டேன் என்றாயே, அந்த வாளி. தோற்றதால்தான் தங்கம் அப்படியே அதில் இருந்தது. ஊர் அடங்கி மின்சாரம் முழுசாக வந்ததும் அதைப் போட்டுத் திருகினாய். வேகம் குறைத்தால் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். கூட்டினால் குமிழி காலியாகப் போகும். நடுவில், விரல் அசையும் அளவுக்கு ஒரு சின்ன இடம். அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டாய்.

சுரங்கத்திலிருந்து வந்தவர் கோலார் பக்கத்துத் தமிழர். தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் என்பதால் எனக்கும் மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. நீ கடைசிக் கல்லைப் போட்டாய். குமிழிகள் ரவையைத் தூக்கின. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நீ மற்ற முடிவுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாய். தோற்றவை அத்தனையும். மேலாளர் தொண்டையைக் கனைத்தார். எனக்கும் ஏன் இந்தப் பெண் இதைச் செய்கிறாள் என்று இருந்தது.

"நடக்காததையும் காட்றீங்களேம்மா?"

"அதுல இருந்துதான் சார் தெரிஞ்சுது. எங்க அப்பா ஸ்டெபிலைசர் போட்டதால."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதானா அது?"

"நான்தான்."

"கல்லு அரைக்கிற எங்க மில்லு கரண்ட் பில்லப் பாத்தா எங்க பெரியவருக்கே தலை சுத்தும் சார். ரவையோட நிறுத்தலாம்னா ரொம்ப நல்லது." பிறகு உன்னிடம் சொன்னார்: "இதச் சோதனைக்குக் குடுங்க. நல்லா வந்தா அங்க வந்து செஞ்சு காட்டுங்க, ஒரு தொட்டி ஒதுக்கச் சொல்றேன். ஆனா இது வாளிக் கணக்கு. அது பெரிய தொட்டி. அங்க நடக்கலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, மனசுல வச்சிக்குங்க."

முடிவு நல்லபடியாக வந்தது. நீ கிளம்பினாய். மாமா வரன் பேச்சை ஒத்திவைத்துவிட்டார். "அவ மொதல்ல கல்லத் தூக்கட்டும்" என்கிறார். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பொய்யென்று சொல்ல முடியவில்லை.

அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. எனக்கு அது சரியாக வராது. ஒன்றே ஒன்று. அங்கே தொட்டியில் நடக்காமல் போனால், உடனே எதையும் சரிசெய்யாதே. யாராவது அன்பாக எதையாவது கொண்டுவந்து மாட்டினால், கழற்றிவைத்துவிட்டு ஒருமுறை பார். திருப்பி அனுப்பினால் வா. ஆனால் தோற்ற மண்ணில் கொஞ்சமாவது எடுத்துக்கொண்டு வா. அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பின்கட்டில் பார்க்கலாம். எனக்கு இப்போது அதில் உன்னளவுக்கு ஆசை இருக்கிறது.

நேற்று உன் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் புது ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்தேன். சுரங்கத்துக் குடியிருப்பில் மின்சாரம் எப்படி இருக்குமோ என்று. மதியம் உன் அறையைப் பெருக்கிய அம்மா, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இழுத்து எடுத்தாள். நாடாகூடப் பிரிக்கவில்லை. பின்கட்டில் ஆணியில் மாட்டியிருந்த ரெகுலேட்டரைக் காணோம். சுண்ணாம்புக் கோடு போட்டது.

எழுதி முடிப்பதற்குள் ஏழு மணியாகிவிட்டது. தெரு மங்குகிறது. தாளில் வரிகள் சரியாகத் தெரியவில்லை. அட்டைப்பெட்டி காலடியிலேயே இருக்கிறது.

"இன்னாங்க, வெளக்கு இப்படி அழுவுது. அத எடுத்து மாட்டக் கூடாதா?" என்றாள் அம்மா, வாசற்படியில் நின்று.

"இரு. எது மேல வருதுன்னு பாப்பம்."

"கொசுதான் வரும்" என்றாள். சொல்லிவிட்டு, அவளும் வந்து உட்கார்ந்தாள்.